முதற் கூற்று: வன்னியிற் பொலிசும் பொதுமக்கள் நம்பிக்கையும்

பொலிசாருக்கும் ஒரு சமூகத்துக்கும் இடையிலான நம்பிக்கை எவ்விடத்தில் முறிகின்றது என்ற வினாவுக்கு, வன்முறை என்பதே வழக்கமாகக் கூறப்படும் விடையாகும். தடியடியும் தடுப்புக் காவலும் துப்பாக்கிப் பிரயோகமும் மக்கள் மனத்தில் ஆறாத வடுக்களை விட்டுச் செல்வன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இலங்கையின் வடபுலத்து அனுபவத்தைச் சற்று நெருங்கி நோக்குமிடத்து இவ்விடை போதாதென்பது புலனாகும். ஒவ்வொரு சம்பவத்தையும் அடுத்துப் பொலிசார் கூறும் முதற் கூற்று ஒன்று உண்டு. அது தகவற் புத்தகத்தில் எழுதப்படும் குறிப்பாகவோ, நீதவானுக்குச் சமர்ப்பிக்கப்படும் அறிக்கையாகவோ, பத்திரிகைகளுக்கு வழங்கப்படும் விளக்கமாகவோ அமையலாம். அதன் மீதே பின்னர் வழக்கும் விசாரணையும் எழுகின்றன. அடித்தவரைச் சமூகம் ஒருகால் மன்னிக்கக் கூடும். அடிக்கவேயில்லை என்று எழுதி வைத்த நிலையத்துக்கு அடுத்த முறை முறைப்பாட்டோடு செல்வதற்கு எவருக்கும் கால் எழாது. வன்னிப் பெருநிலத்தில் நம்பிக்கையின் வரலாறு பெரும்பாலும் இம்முதற் கூற்றுகளின் வரலாறாகவே அமைந்துள்ளது.

இரணைமடுக் குளத்தோடு தொடர்புடைய வழக்கொன்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சம்பவம் தொடங்கியது யாழ்ப்பாணக் குடாநாட்டிலாயினும் முடிந்தது கிளிநொச்சியிலேயாம். 2011 நவம்பரில் களவுக் குற்றச்சாட்டின் பேரில் சுன்னாகம் பொலிசார் சில இளைஞர்களைக் கைதுசெய்தனர். அவர்களுள் ஒருவரது சடலம் சில நாட்களின் பின் இரணைமடுக் குளத்தில் காணப்பட்டது. விசாரணைக்காகக் கிளிநொச்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் அங்கே குளத்து நீரில் இறந்தார் என்பதே பொலிசாரின் கூற்றாகும். வன்னி விவசாயிகளின் வாழ்வுக்கு ஆதாரமாய் விளங்கும் அக்குளம் இக்கூற்றிலே கொலைக்குச் சாட்சி கூறவும் பழியை ஏற்கவும் வைக்கப்பட்டது. உடன் கைதான இளைஞர்கள் பொலிஸ் நிலையத்துள் நடந்த சித்திரவதையை நீதிமன்றில் எடுத்துரைத்தனர். 2017 ஏப்பிரலில் யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன், பொலிஸ் உத்தியோகத்தர் அறுவருக்குப் பத்து ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை விதித்துத் தீர்ப்பளித்தார். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனையும் அதுவேயாகும்.

தீர்ப்புக் கிடைத்தது உண்மை. எனினும் சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவ்வைந்து ஆண்டுகளும் அரச ஆவணங்களில் உயிரோடு இருந்தது முதற் கூற்றே. இறந்தவரின் குடும்பம் களவு செய்து ஓடி நீரில் வீழ்ந்தவன் குடும்பமாகவே அக்காலமெல்லாம் வாழ வேண்டியிருந்தது. தண்டனை பற்றிப் பேசும்போது இதனை எவரும் கணக்கிற் கொள்வதில்லை.

பல்கலைக்கழகச் சமூகத்துக்கு நெருக்கமான இன்னொரு சம்பவம் 2016 ஒக்டோபர் 20ஆம் நாள் இரவு யாழ்ப்பாணம் கொக்குவிற் குளப்பிட்டியில் நிகழ்ந்தது. மோட்டார் சைக்கிளிற் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். வாகன விபத்து என்பதே முதலில் வெளிவந்த செய்தி. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளிப்பட்டதும் அச்செய்தி நிலைகுலைந்தது. பொலிஸ் உத்தியோகத்தர் ஐவர் கைதுசெய்யப்பட்டனர். அம்மாதம் 25ஆம் நாள் வடக்கு முழுவதும் கடையடைப்பு நடைபெற்றது. குடாநாட்டிலும் வன்னியிலும் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த இவ்விரு சம்பவங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. குளமும் தெருவும் குற்றவாளிகளாக்கப்பட்டன. உண்மை வெளிவந்தமைக்குக் காரணராயிருந்தோர் மருத்துவரும் நீதிபதியும் உடனிருந்து தப்பியவருமேயன்றிப் பொலிஸ் நிறுவனத்தின் உள்ளிருந்து எழுந்த எவருமல்லர்.

இவ்வழக்கம் போருக்குப் பின் தோன்றியதென எண்ணுதல் பொருந்தாது. 1974 ஜனவரி 10ஆம் நாள், யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்விலே பொலிசார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டதைத் தொடர்ந்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அரசாங்கம் உரிய விசாரணையை நடத்தாத நிலையில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிறெற்சர், வி. மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் அடங்கிய குடிமக்கள் குழுவொன்று சாட்சியங்களைக் கேட்டு, பொலிசாரின் நடவடிக்கையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கைக்குச் சட்ட வலு எதுவுமில்லை. எனினும் அரசின் கூற்றுக்கு எதிராக மக்கள் தமக்கென ஒரு பதிவை எழுதி வைத்துக்கொள்ளும் மரபு அங்கு தொடங்கியது எனலாம். ஒரு சமூகம் தன் உண்மையைப் பதிவு செய்யத் தானே ஆணைக்குழு அமைக்க நேர்வது நல்லாட்சியின் அறிகுறியாகாது.

இதன் வேர் இன்னும் ஆழமானது. இலங்கைப் பொலிஸ் நிறுவனம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழி உருப்பெற்றது. அடுத்த ஆண்டு அதன் தலைமையை ஏற்ற கம்பெல், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிற் படைப்பிரிவொன்றை நடத்திய அனுபவத்தோடு வந்தவர். 1913 முதல் 1937 வரை பொலிஸ் மா அதிபராக இருந்த டவ்பிகின், பாலஸ்தீனப் பொலிசைச் சீரமைப்பது பற்றி ஆராய 1930இல் பிரித்தானிய அரசால் அங்கு அனுப்பப்பட்டார். குடியேற்ற நாட்டை அடக்கி வைத்திருக்கும் கலையில் இலங்கைப் பொலிஸ் தலைமை ஏனைய நாடுகளுக்குப் பாடம் சொல்லும் நிலையில் இருந்தது என்பதையே இது காட்டுகின்றது. அயலவருக்குப் பதில் கூறும் கடமை அந்நிறுவனத்தின் பிறப்பில் இடம்பெறவில்லை. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் கடமை இடம்பெற்றது. 1948இன் பின் மேலிடம் மாறியது. அறிக்கையின் திசை மாறவில்லை.

குடியேற்ற ஆட்சியாளர் தம் பொலிசாரையே முற்றாக நம்பவில்லை என்பது இங்கே சுவையான முரணாகும். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாகச் சான்றாக்க இடமளிக்கவில்லை. அதன் 25ஆம் பிரிவு, பொலிஸ் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் எழுதப்படும் கூற்றுப் பற்றி ஆங்கிலேயச் சட்டவறிஞர் கொண்டிருந்த ஐயத்தின் எழுத்து வடிவமாகும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வையத்தை நீக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் சான்றாக ஏற்கப்படலாயிற்று. அது விருப்பத்தோடு அளிக்கப்படவில்லை என நிறுவும் பொறுப்பும் எதிரியின் தலையிலேயே சுமத்தப்பட்டது. அந்நியன் தன் பொலிசின் மீது வைத்திருந்த எச்சரிக்கையைச் சுதந்திர நாடு கைவிட்டது எனின் மிகையாகாது.

இச்சட்டத்தின் விளைவை மொழியோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். 1993இல் மட்டக்களப்பிற் கைதான சிங்கராசாவின் வழக்கில் அவர் அறியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட ஒப்புதலின் கீழ் அவரது பெருவிரல் அடையாளம் பெறப்பட்டிருந்தது. தண்டனைக்கு அடிப்படையாய் அமைந்தது அவ்வொப்புதலே. நியாயமான விசாரணைக்குரிய அவரது உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் முடிவுசெய்தது. ஆயினும் 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அம்முடிவின் அடிப்படையில் வழக்கை மீளாய்வு செய்ய மறுத்துவிட்டது. பயங்கரவாத வழக்குகளுக்கு அப்பால், சாதாரண முறைப்பாடுகளிலும் இதே குறை காணப்பட்டது. மாடு களவுபோயிற்று, வேலி அரக்கப்பட்டது, கணவன் அடித்தான் என்று தமிழிற் கூறியதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத தாளிற் கையொப்பம் பெறுதல் பற்றிப் போருக்குப் பிந்திய வடக்கில் அடிக்கடி பேசப்பட்டது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட தன் அறிக்கையில், இருமொழி அறிந்த உத்தியோகத்தர் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் இருபத்துநான்கு மணிநேரமும் இருத்தல் வேண்டுமெனவும் முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்பட வேண்டுமெனவும் விதந்துரைத்தது. தமிழும் அரச கரும மொழியென 1987இலேயே அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டிருந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் ஓர் ஆணைக்குழு அதையே விதந்துரைக்க நேர்ந்தமை, சட்டப் புத்தகத்துக்கும் நிலையத்து மேசைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டுகின்றது.

இவ்விடத்தில் ஓர் எளிய முடிவுக்கு வந்துவிடல் கூடும். பொலிசார் தமிழராகவும் தமிழ் பேசுவோராகவும் இருந்தால் நம்பிக்கை தானே வந்துவிடும் என்பதே அது. வடபுலத்து அரசியல் மேடைகளில் இது நீண்ட காலம் கேட்கப்பட்ட வாதமாகும். வன்னி மக்களின் வரலாறு இதற்கு அத்துணை எளிதாக இடங்கொடுக்கவில்லை. தமிழீழ விடுதலைப் புலிகள் 1991இல் தமக்கெனக் காவற்றுறையொன்றை நிறுவினர். முன்னர் இலங்கைப் பொலிசிற் கடமையாற்றிய பா. நடேசன் அதன் பொறுப்பாளராக விளங்கினார். 2009 வரை வன்னியின் பெரும்பகுதியில் மக்கள் அறிந்த காவல் நிலையம் அதுவே. அங்கே முறைப்பாடு தமிழில் எழுதப்பட்டது. எழுதியவரும் அயற்கிராமத்தவராக இருந்தார். களவும் மதுவும் கட்டுப்பட்டிருந்தன என நினைவுகூர்வோர் இன்றும் உளர். ஆயின் அக்காவற்றுறை பதில் கூறியது இயக்கத் தலைமைக்கேயன்றி மக்கள் தெரிந்தெடுத்த எந்தச் சபைக்குமன்று. இயக்கத்தின் முடிவு சம்பந்தப்பட்டபோது, குறிப்பாக இறுதிப் போர்க்காலத்துக் கட்டாய ஆட்சேர்ப்பின்போது, தன் பிள்ளையைப் பற்றி முறையிட ஒரு தாய்க்கு இடமிருக்கவில்லை. மொழி ஒன்றாயிருந்தும் கூற்று ஒருபக்கத்ததாகவே இருந்தது. இதனைப் பேசுதல் அரச பொலிசின் குற்றத்தைக் குறைப்பதாகாது. இரண்டு நிருவாகங்களையும் அனுபவித்த மக்களின் அறிவை மதிப்பதேயாகும்.

தமிழ்நாட்டு அனுபவமும் இதனை வலியுறுத்தும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டுப் பின்னர் உயிரிழந்தனர். அவர்கள் தாமே தரையில் உருண்டு காயமடைந்தனர் என்று முதல் தகவல் அறிக்கை தமிழிலேயே, தமிழரால், தமிழரைப் பற்றி எழுதப்பட்டது. அக்கூற்றைக் குலைத்தது நிலையத்தின் உள்ளிருந்தே எழுந்த ஒரு குரல். அன்றிரவு கடமையிலிருந்த பெண் தலைமைக் காவலர் தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் கூறினார். மேலே கண்ட இலங்கை வழக்குகளில் இத்தகைய குரல் எழவில்லை என்பது பொலிஸ் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

வன்னியில் அண்மைக்காலத்தில் இப்பிரச்சினை வேறொரு வடிவத்தையும் பெற்றுள்ளது. பொலிசின் சொல்லை நம்பாத மக்கள் நீதிமன்றின் சொல்லை நம்பினர். அச்சொல்லை நடைமுறைப்படுத்த வேண்டியவரும் பொலிசாரே. முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் ஆலயச் சூழலில் விகாரை அமைத்திருந்த பிக்கு 2019 செப்டெம்பரிற் காலமானார். ஆலய வளவிற் பூதவுடலைத் தகனம் செய்யலாகாதெனவும் வேறிடத்திற் செய்யுமாறும் முல்லைத்தீவு நீதிமன்றம் 23ஆம் நாள் கட்டளையிட்டது. பொலிசார் அவ்விடத்திலேயே நிற்கையில் ஆலயக் கேணியின் அருகே தகனம் நடைபெற்றது. கட்டளையை எடுத்துரைத்த சட்டத்தரணி தாக்கப்பட்டார். இங்கே பொலிசார் எதையும் பொய்யாகக் கூறவில்லை, எவரையும் அடிக்கவுமில்லை. நீதவானின் கையெழுத்து வெறுந்தாளாகும் காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றனர். வடக்குச் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தது இதன் பொருளை அவர்கள் உணர்ந்தமையாலேயாம்.

வவுனியா வடக்கின் வெடுக்குநாறி மலையில் இதற்கு எதிர்மாறான காட்சி அரங்கேறியது. நீராவியடியிற் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அதே நிறுவனம், 2024 மார்ச் 8ஆம் நாள் சிவராத்திரி வழிபாட்டைத் தடுத்து எண்மரைக் கைதுசெய்வதில் வேகம் காட்டியது. விளக்கமறியலில் வைக்கப்பட்ட அவர்கள் 19ஆம் நாள் வவுனியா நீதவான் நீதிமன்றினால் விடுவிக்கப்பட்டனர். ஓரிடத்தில் செயலின்மையும் மற்றோரிடத்தில் மிகைச்செயலும் ஒரே திசையிலேயே சாய்ந்ததை வன்னி மக்கள் எளிதில் ஒப்பிட்டுப் பார்த்தனர். இவ்விரு சம்பவங்களுக்கும் இடையே, 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி உயிர் அச்சுறுத்தலைக் காரணங்காட்டிப் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். அவர் கூறிய காரணம் பற்றி மாறுபட்ட விளக்கங்கள் எழுந்தன. எவ்வாறாயினும் நம்பிக்கையின் கடைசிப் புகலிடமெனக் கருதப்பட்ட மன்றும் அசைந்ததென்ற உணர்வே மாவட்டத்தில் மிஞ்சியது.

இந்நிலையில் நகர அரசியல் என்ன செய்ய முடியும் என்பது அடுத்து எழும் வினா. சட்டப்படி அதற்கு ஏறக்குறைய எதுவுமில்லை. 2025 மே 6இல் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் வவுனியா முதன்முறையாக மாநகர சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தது. அச்சபை வீதி விளக்குக்கும் குப்பைக்கும் சந்தைக்கும் பொறுப்பானது. நகரின் பொலிஸ் நிலையத்தைப் பற்றிக் கேள்வி கேட்க அதற்கு அதிகாரமில்லை. இவ்வெல்லையைத் தெரியாமல் தொட்டாற்கூட என்ன நேரும் என்பதை யாழ்ப்பாண மாநகர முதல்வராயிருந்த வி. மணிவண்ணன் 2021 ஏப்பிரலில் அறிந்துகொண்டார். தெருவில் துப்புவோரையும் குப்பை போடுவோரையும் தண்டிக்கச் சபை ஐந்து பேரை நியமித்துச் சீருடை வழங்கியது. அதன் நீலநிறம் புலிகளின் காவற்றுறைச் சீருடையை ஒத்ததெனக் கூறி முதல்வர் கைதாகிப் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரிடம் ஒப்படைக்கப்பட்டார். பின்னர் நீதிமன்றம் பிணை வழங்கியது. துப்பலைத் தடுக்கப் புறப்பட்ட சபை பயங்கரவாதத்திற் போய் முடிந்த கதை சிரிப்புக்குரியது போலத் தோன்றலாம். நகரை நிருவகிப்போர் பாதுகாப்பைப் பற்றி எண்ணுவதையே குற்றமாகக் காணும் மனோபாவம் அதன் பின்னே உள்ளது.

பதின்மூன்றாவது திருத்தம் காகிதத்தில் இதற்கு ஒரு வழியைத் திறந்திருந்தது. மாகாணப் பிரிவுக்குப் பொறுப்பான பிரதிப் பொலிஸ் மா அதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்புக் கூறவேண்டியவர். மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவில் முதலமைச்சரின் நியமனத்தவரும் இடம்பெறுவார். 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரிற் காலம் முடிந்த வட மாகாண சபைக்கு இவ்வதிகாரம் ஒருநாளேனும் கிட்டவில்லை. இதற்காகக் கொழும்பு அரசாங்கங்களைக் கண்டித்தல் நியாயமே. அதேவேளை தமிழ் அரசியலின் குறையையும் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. பொலிஸ் அதிகாரம் பெறவேண்டிய உரிமையாகவே அது பேசப்பட்டு வந்தது. பெற்றபின் அந்தப் பொலிசை யார் கேள்வி கேட்பது, தமிழ்ப் பொறுப்பதிகாரி ஒருவர் அடித்தால் முறைப்பாட்டை எங்கே எழுதுவது என்ற வினாக்கள் மேடைகளில் எழவில்லை. ஒவ்வொரு சம்பவத்தின் பின்னும் கடையடைப்பு நடக்கும், அறிக்கைகள் வெளிவரும், வழக்கு நடக்கும் ஆண்டுகளில் நீதிமன்ற வாயிலில் குடும்பத்தினர் மட்டுமே நிற்பர்.

வட அயர்லாந்தின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. கத்தோலிக்கர் எட்டு வீதமளவே இருந்த ரோயல் அல்ஸ்ரர் பொலிஸ் படையை 1998ஆம் ஆண்டின் உடன்படிக்கையை அடுத்து ஆராய்ந்த பற்றன் ஆணைக்குழு, 1999இல் 175 விதப்புரைகளை முன்வைத்தது. 2001இல் படையின் பெயரும் சின்னமும் மாறின. புதிதாகச் சேர்ப்போரிற் பாதிப்பேர் கத்தோலிக்கராயிருத்தல் வேண்டுமென்ற விதி 2011 வரை நடைமுறையிலிருந்தது. இவையே பரவலாக எடுத்துக்காட்டப்படுகின்றன. எனினும் வன்னிக்குக் கூடுதலாகப் பொருந்துவன வேறு இரண்டாம். ஒன்று, பத்தொன்பது உறுப்பினரிற் பத்துப்பேர் அரசியற் பிரதிநிதிகளாக அமைந்த பொலிஸ் சபை. பொலிஸ் தலைவர் அதன் முன் வந்து பதில் கூறவேண்டும். மற்றது, பொலிசுக்கு வெளியே நின்று முறைப்பாடுகளை விசாரிக்கும் சுதந்திர அதிகாரி. அவரது பணியின் சாரம் பொலிசாரின் முதற் கூற்றை அவர்களே சரிபார்க்க விடாமையாகும். அங்கும் எல்லாம் இனிதே முடிந்துவிடவில்லை. நீண்ட காலம் அப்பொலிசை ஏற்க மறுத்த சின் பெயின் கட்சி 2007இலேயே அதனை ஏற்றது.

வன்னியில் இதற்குச் சமமான அமைப்பு எதுவுமில்லை. கிராம மட்டத்துச் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் உள. அவை பொலிசார் மக்களிடம் தகவல் பெறும் வாயிலாக இயங்குகின்றனவேயன்றி மக்கள் பொலிசாரிடம் விளக்கம் கேட்கும் இடமாக இயங்கவில்லை. கசிப்புக் காய்ச்சுவோர் பற்றியும் இரவிரவாக ஆற்றுமணல் ஏற்றுவோர் பற்றியும் தகவல் கொடுத்தால் கொடுத்தவரின் பெயர் விடியுமுன் சம்பந்தப்பட்டவரின் காதுக்கு எட்டிவிடும் என்ற குறை வன்னிக் கிராமங்களிற் பரவலாக உண்டு. ஒரு மாணவர் ஊர்வலத்தின் மீது கிளிநொச்சியில் 2024 பெப்ரவரி 4ஆம் நாள் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் பிரயோகிக்கப்பட்டதை நாடே அறிந்தது. ஒரு மணல் வண்டியைப் பற்றிச் சொல்லி அடுத்த நாள் மிரட்டப்பட்ட விவசாயியை எவரும் அறிவதில்லை. அவரது வாயடைப்புப் பெரிய நிகழ்ச்சிகளைக் காட்டிலும் ஆழமாகப் பொலிஸ் நிலையத்துப் பாதையைப் புல் முளைக்கச் செய்கின்றது.

இன்றுள்ள அமைப்புகளுள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டமே பாராளுமன்ற உறுப்பினரும் உள்ளூராட்சித் தலைவர்களும் பொலிஸ் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமரும் இடமாகும். மணலும் கசிப்பும் அங்கே அடிக்கடி பேசப்படுகின்றன. குரல்கள் உயர்கின்றன, நடவடிக்கை எடுக்கப்படும் என்ற விடையோடு அடுத்த விடயத்துக்குச் செல்கின்றனர். கடந்த கூட்டத்திற் பொலிசார் கூறியது யாது, அது உண்மையாயிற்றா என்று கூட்டக் குறிப்பைப் புரட்டிக் கேட்கும் வழக்கம் இன்னும் உருவாகவில்லை. எத்தனை முறைப்பாடுகள் தமிழிற் பதியப்பட்டன, எத்தனை பேருக்கு அதன் பிரதி வழங்கப்பட்டது, எத்தனை பேர் தம் முறைப்பாட்டைப் பின்னர் மீளப் பெற்றனர் என்ற மூன்று கேள்விகளை வவுனியாவின் புதிய மாநகர சபை எழுத்திற் கேட்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. பதில் வராவிடினும், கேட்ட நாளும் பதில் வராமையும் சபையின் குறிப்பேட்டில் தமிழிற் பதியப்பட்டிருக்கும்.